மூன்றாம் பக்கத்தில் வராத திருத்தம்

பசறை டவுன் செபஸ்தியான் அண்ணன் இன்று காலை போய்விட்டார். அரிசிக்கடை செபஸ்தியான்...

பத்து மணிக்கு அவர் மகன் போனில் கோல் எடுத்தான். கடையைத் திறந்து, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்கு வான் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போதிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தப் பதிவை எழுதுகிறேன், அழிக்கிறேன், வாசலுக்குப் போய்விட்டு வருகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பல வருடமாக ஒரு பேப்பருக்குப் பசறைச் செய்தி அனுப்புகிறவன். அண்ணனுக்கும் எனக்கும் எதிலும் ஒத்துப்போகாது.

நான் சங்கம், மானியம், சம்பள உயர்வு என்று பேசுகிற ஆள். அவருக்கு அரசாங்கம் என்றாலே அலர்ஜி. கட்டுப்பாட்டு விலை என்று ரேடியோவில் சொன்னால் போதும், கடை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொள்வார்.

"வெலைய எழுதிப் போட்டா அரிசி வந்துருமா நிருபரே? அரிசி லொறியில வருது, கெசட்டுல வரல."

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கான வீட்டுத் திட்டம் பற்றிப் பேசினால் இன்னும் சூடாகிவிடுவார். "எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் அடிக்கல் நடுறாங்க. கல்லு வேணாங்க. காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிக்கச் சொல்லுங்க, வீட்ட எங்காளுங்களே கட்டிக்குவாங்க. குடியிருக்குற லயத்து வீடு தோட்டத்துக்காரன் கையில இருந்தா, நல்ல சம்பளம் குடுக்குற எடத்துக்கு எப்பிடிப் போவாங்க?"

அரசாங்கம் ஒதுங்கினால் தோட்டக் கம்பெனிக்காரனுக்குத்தான் கொண்டாட்டம் என்று நான் கத்துவேன். பிளேன்டீ வரும். குடித்துவிட்டு மறுபடியும் கத்துவேன்.

நாடே நெருக்கடியில் கிடந்த அந்த வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சமையல் காஸுக்குக் கியூ, மண்ணெண்ணெய்க்குக் கியூ, அரிசி கிடைக்காமல் ஊரே அல்லாடிய நேரம்...

ஒரு நாள் அவர் கடைக்குப் பின்பக்கமாக வந்தேன். ஸ்டோர் அறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கூரை முட்ட அரிசி மூட்டை.

அண்ணன் பதுளைக்குப் போயிருந்தார். பின்னேரம் வந்துவிடுவார் என்று மகன் சொன்னான். எனக்குப் பொறுமை இல்லை. ஜன்னல் வழியாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மூன்றாம் பக்கத்தில் பெரிதாக வந்தது. 'பசறையில் அரிசிப் பதுக்கல்.' அரசாங்கம் கையை எடுத்தால் எல்லாம் சரியாகும் என்று பேசுகிற மனிதர் மாட்டிக்கொண்டார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு நாளில் அதிகாரிகள் வந்து அறைக்கு சீல் வைத்தார்கள்.

அதற்கடுத்த நாள் மாரியாயி அக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டார். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர், பக்கத்துத் தோட்டம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அது எங்க அரிசிங்க தம்பி. தீபாவளிக்குன்னு மாசாமாசம் வாங்கி அவரு கடையிலேயே போட்டு வச்சிருந்தோம். லயத்துல ஒழுகுது, எலித் தொல்ல வேற, எங்க கொண்டுபோயி வைக்கிறது? மூட்டைக்கு மூட்ட பேரு எழுதியிருக்கு. நீங்க படிச்ச ஆளு, பாக்கலியா?"



பெண்கள் திரண்டு போய்த் தங்கள் பெயர்களைக் காட்டி, சீல் வைத்த அறையைத் திறக்க வைப்பதற்குள் தீபாவளி தாண்டிவிட்டது. அந்தத் தீபாவளிக்கு மாரியாயி அக்காவின் மூன்றாம் லயத்தில் வெறும் கோதுமை ரொட்டிதான்.

நடுவில் ஒரு அரசியல் புள்ளி அண்ணனிடம் போயிருக்கிறார். பொய்ச் செய்தி போடுகிறவர்களுக்குச் சட்டம் கொண்டுவருகிறோம், இந்த நிருபர்மேல் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுங்கள் என்று. அண்ணன் முடியாது என்று அனுப்பிவிட்டார்.

நான் நன்றி சொல்லப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க எழுதுனது பொய்யி. ஆனா எது பொய்யி, எது நெசம்னு அவங்க முடிவு பண்ண ஆரம்பிச்சா, நாளைக்கு நெசத்தயும் எழுத விடமாட்டாங்க. நீங்க எழுதுனீங்க, நீங்களே திருத்துங்க. அதே பக்கம், அதே அளவு."

சரி என்றேன்.

எடிட்டரிடம் கேட்டேன். "பழைய கதை, விடுங்க" என்றார். விட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்... இரண்டாம் தடவை கேட்கவில்லை.

அண்ணன் எங்கள் பேப்பரை வாங்குவதை நிறுத்தவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "இன்னிக்கும் வரலியே நிருபரே" என்பார். ஒரு தடவை எரிச்சலில், பிடிக்காவிட்டால் வேறு பேப்பர் வாங்குங்களேன் என்று சொல்லிவிட்டேன்.

"வேற பேப்பர்ல உங்க திருத்தம் எப்பிடிங்க வரும்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். பஸ்ஸுக்குக்கூடக் கீழ்ப் பாதையால் சுற்றித்தான் போவேன்.

இன்று அந்தப் போட்டோவைத் தேடி எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். முன்வரிசை மூட்டையில் நீல மாக்கர் பேனாவில் தெளிவாக இருக்கிறது. 'மாரியாயி, 3ஆம் லயம்.' அன்றைக்கு நான் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் மகன் கடைசியாகச் சொன்னது இதுதான். "அப்பா மடியில பேப்பரு அப்பிடியே இருந்துச்சுண்ணே. மூணாம் பக்கம்."

கீழே அந்தப் போட்டோவைப் போட்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள்.

திருத்தம்: பசறை செபஸ்தியான் அரிசி பதுக்கவில்லை. அந்த மூட்டைகள் தோட்டத்து மக்களுடையவை. அவர்கள் பெயரும் அவற்றில் எழுதியிருந்தது. விசாரிக்காமல் எழுதியவன் நான்.

இதையே எடிட்டருக்கும் அனுப்பியிருக்கிறேன், அதே பக்கம் அதே அளவு என்று. மெசேஜைப் பார்த்துவிட்டார். பதில் இன்னும் இல்லை.

நாளைப் பின்னேரம் அடக்கம். மாரியாயி அக்காவும் வருவார்.

போயிட்டு வாங்க அண்ணே... இன்னிக்கும் வரல.