ஒத்திவைத்த பாட்டில்

மோட்டார் அறையின் அலமாரியில் அந்தப் பாட்டில் இருக்கிறது. லேபிளைக் கிழித்தெடுத்த, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். அடியில் வண்டல் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. தெரியாதவர் யாரும் தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடலாம். மோட்டார் போடப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காதவன்போலப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்று காலை கவுன்சிலர் அக்கா போன் செய்தார். "நைனா, அந்தப் பாட்டிலு கீதா, தூக்கிப் போட்டுட்டாங்களா? நாளிக்கு மண்டலக் கூட்டம். வாசல் கேட்டாண்ட எத்தாந்து குடு." கேட்டது பழைய தண்ணீரைத்தான். எனக்கு முகம் சுட்டது.

மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டைச் சுவருக்குப் பின்னால் எங்கள் தெரு. அக்காவின் வீட்டார் ஒரு காலத்தில் அங்கே அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள்; வயல் கம்பெனியானபின் ஷிப்டுக்குப் போனவர்கள். அக்காவும் ஒரு கம்பெனியில் ஒயர் சுற்றியவர்தான். எங்கள் வார்டு பெண்களுக்கென்று மாறியபோது நின்று ஜெயித்தார். நாங்களோ மதுரை, சிவகங்கை, திருநெல்வேலி என்று கிளம்பி வந்து, வங்கிக் கடனில் அடுக்குமாடி வாங்கிக் குடியேறியவர்கள். தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. நாங்கள் கழித்தது மண்ணுக்குள் இறங்கி, எங்கள் போர்வெல் வழியாக எங்களிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது. குழாய் போடவேண்டுமென்றால் தெருக்கோடிக் காலியிடத்தில் பம்பிங் ஸ்டேஷன் வரவேண்டும். அதற்கான நிதியை மண்டலக் கூட்டத்தில் கேட்டு வாங்கவேண்டும். கேட்பதற்கு எங்களுக்கு அங்கே இருந்தது அக்காவின் வாய் ஒன்றுதான்.

அந்த வாய் பேசியதை நான் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மேசையில் உறுப்பினர்களுக்கு வரிசையாகச் சீல் உடைக்காத பாட்டில்கள். அவற்றின் நடுவே அக்கா கைப்பையிலிருந்து இந்தப் பாட்டிலை எடுத்து, பிடிபட்ட திருடனை நிறுத்துவதுபோல நிறுத்தினார். "அண்ணாத்தே, எங்க தெரு தண்ணி. ஒரு முழுங்கு குடிங்க, அப்பால பேசலாம்." பக்கத்து வார்டுக்காரர் ஒருவர், "இன்னாக்கா, ரசமா?" என்றார். "ரசந்தான். எலய போடு, ஊத்தறேன்." அவை சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரித்து முடித்து, அறிக்கை ஒன்று வரவேண்டியிருப்பதால் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றார். மறுக்கவில்லை, தள்ளிப்போட்டார், அவ்வளவுதான். வாசலுக்கு வரும்வரை அக்கா ஒத்திவைப்பு என்ற அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார், புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பதுபோல.

அன்று மாலை எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்தது. "அல்லாருக்கும் வணக்கம். நம்ம காலி எடம் மேட்டரு... அத்த ஒத்தி வெச்சுட்டாங்க. கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்."

எங்கள் ஊர்ப்பக்கம் ஒத்தி என்றால் வேறு. மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டையோ நிலத்தையோ அடுத்தவர் அனுபவத்துக்கு விடுவது. சென்னையில் அதைப் போக்கியம் என்பார்கள், லீஸ் என்பார்கள். குழு கொதித்தது. காலியிடத்தை ஒத்திக்கு விட்டாச்சா? யாருக்கு? எவ்வளவுக்கு? நான் பாத்துக்கறேன்னு சொல்லுது, என்ன தைரியம்! மறுநாள் காலை, கெட்ட நேரம், யாரோ கட்டட வேலைக்காரர்களின் மணல் லாரி இரண்டு அந்த இடத்தில் நின்றன. எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர் என் கூடப்பிறந்த அக்காளின் கணவர், என் அத்தான். பால்கனியில் நின்று கை நீட்டிக் காட்டினார். "பாத்தியா மாப்ளே, ஒத்திக்காரய்ங்க குடியே வந்துட்டாய்ங்க."

ஒத்திவைப்பு என்றால் தள்ளிவைப்பு என்று குழுவில் எழுதினேன். நான் கவிதை எழுதுகிறவன் என்பதால், கவிஞர் உரை எழுதுகிறார் என்று ஒரு பதில், அதற்குப் பல சிரிப்புப் பொம்மைகள். அத்தானிடம் நேரில் கேட்டேன். "தெனமும் நியூஸ்ல அவை ஒத்திவைப்புங்கிறானே, அவையை அடகா வச்சாய்ங்க?" அத்தான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது படிச்சவய்ங்க பேச்சு மாப்ளே. இது என்னத்தைப் படிச்சுச்சு?"

சொல் தெரியாமல் இல்லை. அது யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துப் பொருள் கொடுக்கிற அகராதி ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் கவுன்சிலர் அக்காவுக்குப் பணம் என்ற பொருளை மட்டும் எழுதி வைத்திருந்தோம். கடல் தாண்டி வேலைக்குப் போய் வந்தவர்கள், பிள்ளைகளுக்குத் திருக்குறள் வகுப்பு வைத்தவர்கள், நாங்கள்.

சங்கம் மண்டலத் தலைவருக்கு மனு அனுப்பியது. இவர் எங்கள் பிரதிநிதி அல்ல, இவர் பேசுவது எங்கள் பேச்சல்ல என்று. எல்லாக் கதவு எண்களும் அதில் இருந்தன, என் வீட்டினுடையதும். அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்து பாட்டிலை மேசையில் வைத்தபோது தலைவர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். "உங்க தெருக்காரங்களே நீங்க வேணாங்கறாங்களேம்மா. நான் யார நம்பி ஒதுக்கறது?" நிதி பக்கத்து வார்டுக்குப் போனது. மேசைகள் தட்டப்பட்டன. அந்தத் தட்டலில் பாட்டில் தண்ணீர் நடுங்கியதைப் பெஞ்சிலிருந்து பார்த்தேன். அக்கா அதை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். யாரையும் திட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் அடுக்ககத்தின் கூட்ட அறைக்கு வந்தார். லாரிகள் அதற்குள் போய்விட்டிருந்தன; இடம் யாரிடமும் போகவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தும் விட்டது. நாற்காலிகளில் நாங்கள் இருந்தோம். அவர் கேரம் போர்டின் ஓரத்தில் பாட்டிலை வைத்துவிட்டு நின்றார். "ஒத்தின்னா ஒங்க ஊர்ல வேறயாமே. எனக்குத் தெரியாதுபா. நம்ம பாஷைல தள்ளி வெச்சுட்டாங்கன்னு சொல்லிருப்பேன். படிச்சவங்க குரூப்பாச்சே, கூட்டத்துல சொல்றாப்ல சொன்னா மருவாதியா இருக்கும்னு நெனச்சேன். என் தமிழு சரியில்ல. மன்னிச்சுக்கங்க."

"பரவால்லம்மா" என்றார் அத்தான். ஆமாம், நாங்கள் அவரை மன்னித்தோம். அவர் மறந்துவிட்டுப் போன பாட்டிலைக் காவலாளி மோட்டார் அறையில் கொண்டுபோய் வைத்தார்.

பக்கத்து வார்டில் குழாய் போட்டுத் தார் ஊற்றி ரோடும் ஆறிவிட்டது. எங்கள் வாசலில் விடிந்தால் தண்ணீர் லாரியின் ஹாரன். பல் துலக்குவதும் லாரித் தண்ணீரில்தான். அதே வேலைக்கு மறுபடி நிதி கேட்கத்தான் நாளைக்கு அவர் போகிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

மோட்டார் அறையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் வண்டல் எழுந்து எழுந்து, கேட்டுக்கு வருவதற்குள் முழுதும் மஞ்சளாகிவிட்டது. அக்கா கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டியில் ஒரு காலை ஊன்றி நின்றார். அந்த ஞாயிற்றுக்குப் பின் அவர் எங்கள் கேட்டைத் தாண்டியதில்லை. "உள்ள வாங்கக்கா" என்றேன். "இருக்கட்டும் நைனா." பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "சூப்பரா கலங்கி கீது" என்று திருப்தியாகச் சொல்லி, காலடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பியவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"நாளிக்கு அங்க இன்னா சொல்றாங்கன்னு போன் பண்றேன். குரூப்ல நீ சொல்லிடு நைனா. ஒன் வாயால சொன்னா அவங்களுக்குப் புரியும்."