ஏலகிரி உச்சியில் பரீதாவின் முதல் ஆர்டர்

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு ஆம்பூரில் திருப்பத்தூர் பேருந்து ஏறினோம், நானும் பரீதாவும். என்னிடம் ஒரு துணிப்பையும் ஸ்வெட்டரும். அவளிடம் கேமரா பையும் அதைவிட நீளமான ஸ்டாண்டும்.

கண்டக்டர் ஸ்டாண்டைப் பார்த்து, "இன்னாம்மா, எங்க கல்யாணம்?" என்று கேட்டார்.

"கல்யாணம் இல்லண்ணே, சூரியன்" என்றாள் பரீதா. அவருக்கு விளங்கவில்லை. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

பரீதா எங்கள் எதிர்வீட்டுக்காரி. நான் பள்ளிக்கூட டீச்சர். அவளைவிடப் பத்து வயது பெரியவள் என்பதால் அக்கா. அவள் கணவர் இலியாஸ் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், வளைகாப்பு எல்லாம் அவர் படமெடுப்பார்; ஆல்பம் செய்வது பரீதா. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான மணப்பெண்களின் முகத்தைச் சரிசெய்திருக்கிறாள், ஒரு கல்யாண மண்டபத்துக்குள்ளும் கேமராவோடு நுழைந்ததில்லை. கோடையில் இலியாஸ் மாரடைப்பில் போய்விட்டார். கணவரை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா காலம் முடியும்வரை அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முடிந்தபிறகும் ஸ்டூடியோ பூட்டித்தான் கிடந்தது. கணவரின் அண்ணன் கடையையும் கேமராவையும் சேர்த்து வாங்க ஓர் ஆளைப் பிடித்துவைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஏலகிரியிலிருந்து ஒரு லாட்ஜ் மேனேஜர் போன் செய்தார். வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒரு சூரிய உதயப் படம் வேண்டும். போன வருடமே இலியாஸிடம் சொல்லியிருந்தாராம். இலியாஸ் இறந்தது அவருக்குத் தெரியாது. பரீதா விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நான் வந்து எடுத்துத் தர்றேன் சார்" என்றிருக்கிறாள். போனை வைத்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, உங்களுக்கு லீவுதானே? தனியா அனுப்ப மாட்டாங்க. கூட வர்றீங்களா?"

வாணியம்பாடி தாண்டி, பொன்னேரி கூட்ரோட்டில் இறங்கி மலைப் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். மேலே போகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவதில் எனக்குத் தலை சுற்றியது. பரீதா ஸ்டாண்டைக் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தபடி வந்தாள். அத்தனாவூரில் இறங்கினோம். லாட்ஜில் அறைக்கு வாடகை வாங்கவில்லை. சாப்பாடு மட்டும் எங்கள் செலவு. மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், நல்ல மனிதர். ஆனால் இரண்டு பெண்கள் மட்டும் வந்ததைப் பார்த்து, "கேமராமேன் பின்னாடி வர்றாரா?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள் பரீதா.

சனிக்கிழமை காலை நான்கரைக்கு ஆட்டோ வந்தது. ஓட்டுநர் முருகேசன் மலைக்காரர். மங்கலம் கிராமம் வரை ஆட்டோ, அங்கிருந்து சாமிமலை உச்சிக்கு மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நடைபாதை. எங்களை இறக்கிவிட்டவர் ஆட்டோவைப் பூட்டிவிட்டு டார்ச்சோடு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

"நீங்க எதுக்குண்ணே?"

"ரெண்டு பேரும் பொம்பளைங்க. இருட்டுல விட்டுட்டுப் போனா என் வீட்ல சோறு போட மாட்டாங்க."

கல்லும் வேருமான பாதை. நான் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எதிரே ஒன்றும் இல்லை. கிழக்கு எது, மேற்கு எது என்றே தெரியாத வெள்ளை. ஆறரை ஆனது, ஏழு ஆனது. வெள்ளை கொஞ்சம் வெளிச்சமானதுதான் மிச்சம். "பனி ஜாஸ்தி. இன்னிக்கு ஆவாதும்மா" என்றார் முருகேசன்.

இறங்கி வரும்போது பரீதாவின் போன் அடித்தது. கணவரின் அண்ணன். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடை வாங்குபவர் நேரில் வருகிறார், சனிக்கிழமை இரவுக்குள் வீடு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லாட்ஜுக்கு வந்து இட்லி சாப்பிட்டோம். நான் பையைக் கட்ட ஆரம்பித்தேன்.

"இன்னும் ஒரு நாள் இருந்து பாப்போம்க்கா."

"நாளைக்கும் பனி இருந்தா?"

"இருந்தா பேஜார்தான். ஆனா வெறுங்கையோட இறங்கினா, என்னால முடியலைன்னு நானே சொன்ன மாதிரி ஆய்டும்."

பேரணாம்பட்டில் அம்மா வீட்டில் விட்டிருந்த மகளுக்குப் போன் செய்து பேசினாள். கணவரின் அண்ணனுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டு போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

ஞாயிறு காலை அதே ஆட்டோ, அதே பாதை. இந்த முறை நட்சத்திரங்கள் தெரிந்தன. ஐந்தே முக்காலுக்கு உச்சியில் இருந்தோம். காற்று காதை அறுத்தது. பரீதா ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவைக் கிழக்கே ஜவ்வாது மலைப் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, பாறைமேல் ஒரு சால்வையை விரித்து விடிகாலைத் தொழுகையான ஃபஜ்ர் தொழ நின்றாள். மேற்கு நோக்கி.

அவள் முதுகுக்குப் பின்னால் வானம் மாறத் தொடங்கியது. முதலில் ஜவ்வாது மலையின் விளிம்பில் சாம்பல் வெளுத்தது. அடுத்து அங்கே ஒரு மெல்லிய செம்பு நிறம். அது மேலே ஏற ஏற ரோஜா நிறமாகி, அதற்கும் மேலே கத்தரிப்பூ நிறத்தில் மேகங்கள் வரிவரியாக. கீழே ஆலங்காயம் பள்ளத்தாக்கில் இன்னும் இரவு, தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. கூப்பிடவும் முடியாது, கூப்பிடாமலும் இருக்க முடியவில்லை. முருகேசன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவள் அவசரப்படவே இல்லை. நெற்றி தரையில் பட்டபோது அவள் நேற்றைய சூரியனையும் இன்றையதையும் சேர்த்துக் கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தொழுது முடித்துத் திரும்பியவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். "யா அல்லாஹ்" என்றாள். பிறகு ஓடிப்போய்க் கேமராவைப் பிடித்தாள்.

நாலைந்து படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நானும் எட்டிப் பார்த்தேன். எதிரே வானம் சிவப்பாக எரிகிறது. திரையில் எல்லாம் மை ஊற்றினது போல நீலம்.

"கேமரா கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. மண்டபத்து மஞ்ச லைட்டுக்கு ஏத்த மாதிரி கலர் வச்சிருக்கு. கடைசியா அவர் எடுத்த கல்யாணம்." மெனுவைத் திறந்தாள். கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றுவிட்டது. "அவர் வச்ச மாதிரியே இருக்கட்டும்னு நான் ஒண்ணத்தையும் தொடல."

"கம்ப்யூட்டர்ல சரிபண்ண முடியாதா?"

"கொஞ்சம் பண்ணலாம். இந்தச் செவப்பு திரும்ப வராது."

முருகேசன் பொறுமையிழந்து, "கலர் போய்க்கினே இருக்கும்மா" என்றார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பொத்தானை இரண்டு தடவை அழுத்தி அவர் வைத்ததை மாற்றினாள். பிறகு குனிந்து எடுக்க ஆரம்பித்தவள், நிமிரவே இல்லை. அகலமாக ஒன்று, மேகத்தை மட்டும் ஒன்று, விளக்குகளைச் சேர்த்து ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருந்தாள். ஜவ்வாது மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்த்தபோது வானத்தில் பாதி நிறம் வெளுத்திருந்தது. அதையும் எடுத்தாள். எடுத்து முடித்த பிறகுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். முருகேசன் கொஞ்சதூரம் தள்ளிப்போய் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றுகொண்டார்.

எட்டரைக்கு லாட்ஜில் மேனேஜர் கேமராத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிவப்பு வானத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா சூரியனே இல்லியேம்மா" என்றார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது சூரியன் முழுதாகத் தெரியும் படம். எனக்குப் பொறுக்கவில்லை. பரீதா சரி என்றாள். பத்துக்கு ஆறு அடி, பளபளக்காத மேட் பிரிண்ட், பொங்கலுக்கு முன்னால் என்று பேசி முடித்து முன்பணமும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும், "அந்தச் செவப்பு படம்தான் நல்லா இருந்துது" என்றேன்.

"எனக்கும் அதான் புடிச்சுது. ஆனா சுவர் அவருதுக்கா."

பேருந்து வளைவுகளில் இறங்கும்போது போனைப் போட்டாள். உடனே அடித்தது. உருதுவில் பேசினாள், தாழ்ந்த குரலில், மரியாதையாக. எனக்குப் புரிந்தது ஒரே சொல். அதை மூன்று முறை சொன்னாள். "நக்கோ பாய்." வேண்டாம். மூன்றாவது முறை சொன்னபோது குரல் நடுங்கவில்லை.

ஆம்பூரில் இறங்கியபோது மணி ஒன்று. மலையின் குளிர் ஸ்வெட்டரில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் பிரியாணி வாசனையும் வெயிலும் அதைக் கழற்றிவிட்டன. எங்கள் ஊரிலும் இதே சூரியன்தான் தினமும் உதிக்கிறது. அந்த நேரத்தில் நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருப்பேன். ஷூ கம்பெனிப் பேருந்துக்காகப் பெண்கள் டிபன் பையோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். அண்ணாந்து பார்க்க இங்கே யாருக்கும் ஒழிவதில்லை.

பரீதா வீட்டுக்குப் போகிற சந்தில் திரும்பவில்லை. நேராகக் கடைத்தெருவுக்கு நடந்தாள். ஸ்டூடியோ ஷட்டர் இறுகிக் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். உள்ளே தூசி, சுவரில் பழைய மணமக்கள். நான் துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"கடை தொறந்துட்டீங்களா? கொழந்தைக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணும்."

பரீதா என்னைப் பார்க்கவில்லை. துப்பட்டா நுனியால் ஸ்டூலைத் துடைத்தாள்.

"வாங்க, ஒக்காருங்க. அழாம இருக்கா? அப்ப சீக்கிரம் எடுத்துடலாம்."