கரடி வீட்டுக்குப் போகும் பாதை

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. ஏழாம் வகுப்பில் இருந்த அந்த ஆடி மாதத்தில் பெருமை இன்னும் அதிகம். என் படிப்பைக் கேட்க ஒரு சபையே கூடியிருந்தது.

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அம்மா அங்கே பெருக்கித் துடைப்பாள். ஆடி பிறந்து காவடிக் கூட்டம் வரத் தொடங்கியதும் ஓனர் வகுப்பை விட்டுவிட்டு மலையடியில் தன் அர்ச்சனைத் தட்டுக் கடையில் உட்கார்ந்துகொள்வார். சாவி அம்மாவிடம் இருக்கும். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை மட்டும் நான் தொடலாம் என்று அவரே சொல்லியிருந்தார். அதில் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு.

அது ஏதோ வெள்ளைக்கார ராஜா ராணிக் கதை. ஓர் ஏழைப் பெண்ணை அவள் அப்பன் கரடி ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறான். அவள் கிணற்றடியிலிருந்து புறப்பட்டு, காட்டைத் தாண்டி, கரடி வீட்டுக்குப் போய் அங்கே சொல்லும் வேலைகளைச் செய்யவேண்டும். தப்பாகச் செய்தால் கரடி உறுமிக் கையை ஓங்கும். திரை சிவந்துபோகும். பொம்மை மறுபடி கிணற்றடிக்கு வந்துவிடும். வழியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தவளை காரணமில்லாமல் தும்மிக்கொண்டிருக்கும். ஒரு துடைப்பம் தானாக ஆடும்.

மதியத்தில் அம்மா, அத்தை, அக்கா, கீழே பூக்கட்டும் இரண்டு பெண்கள் என்று எல்லோரும் வந்து தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்வேன்.

“இந்தத் தவளை அச்சு அசல் உங்க மாமாவாட்டமே கீதுடி,” என்பாள் அத்தை. “வேலைன்னு சொன்னா போதும், உடனே தும்மல் வந்துடும்.”

கரடி உறுமினால் எல்லோரும் அலறுவார்கள். பிறகு அலறியதற்காகச் சிரிப்பார்கள். அக்கா மட்டும் இரண்டும் செய்யமாட்டாள்.

அக்காவைத் தை மாதத்தில் பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்கார வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவார். வந்த மறுநாளே துணி துவைக்கும்போது அக்காவின் கையை அம்மா பார்த்துவிட்டாள். முழங்கைக்கு மேலே வரிவரியாகக் கன்றியிருந்தது.

“நான் இனிமே அங்க போவலம்மா,” என்றாள் அக்கா.

அம்மா தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவினாள். “எல்லா வூட்லயும் இருக்கறதுதான். போவப்போவ சரியாயிடும்.”

எங்கள் அப்பா, நைனா, கிணற்றடியிலிருந்தே சொன்னார்: “சீர் செஞ்சி கூட்டியாந்துட்டு திருப்பி அனுப்பலன்னா ஊர்ல இன்னா பேசுவாங்க?”

அக்காவுக்குத் தாய்வீட்டுச் செல்லம் கூடிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “அந்த வூட்டுக்குப் போவாம வேற வழி இல்லியா?”

காட்டுப் பாதையில் பின்பக்கமாக அழுத்திக் காட்டினேன். கைகாட்டிப் பலகை தானாகத் திரும்பிக்கொண்டது. பொம்மை தலையை ஆட்டியது. “இல்லியாம்கா. போனாத்தான் ஆட்டம் நகரும்.”

“அவ அப்பன் வூட்டுக் கதவத் தட்டிப் பாரேன்.”

தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. “அது கதவு இல்லக்கா. சும்மா வரைஞ்சி வச்சிருக்காங்க. தொறக்காது.”

எல்லாம் தெரிந்தவளின் குரலில்தான் சொன்னேன்.

ஆடி முடிய இருந்தபோது ஆட்டத்தை ஜெயித்தேன். கடைசி வேலையும் முடிந்ததும் கரடியின் தோல் உதிர்ந்து, உள்ளேயிருந்து தங்கச் சட்டை போட்ட ராஜகுமாரன் வந்தான். பூக்காரப் பெண்கள் கைதட்டினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தை அக்காவின் தொடையில் தட்டினாள். “பாத்துக்கினியா? பொறுமையா இருந்தா கரடியே ராசாவா மாறிப்பூடுது. உம் புருசன் மனுசன்தானே?”

“ஆங், அதான,” என்றாள் அம்மா, அவ்வளவு நாளாகத் தேடிய பதில் கிடைத்துவிட்டவளைப்போல. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு எழும்போதெல்லாம் கரடி வந்தது. நைனாகூட, ஆட்டத்தைப் பார்க்காமலே, கரடியைச் சொன்னார். ஒரு குடும்ப விவகாரத்துக்கு என் ஆங்கிலம் பயன்பட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா புருஷன் பாவா வருவதாகச் சொன்ன நாளில் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து மவுஸைக் கொடுத்தேன். கோழிக்குஞ்சைப் பொத்துவதுபோல் அதன்மேல் கையை வைத்தாள். அழுத்தவில்லை. யாரும் அழுத்தாவிட்டால் பொம்மை கிணற்றடியிலேயே நின்றுவிடும் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. அது கொஞ்சநேரம் நின்றது. பிறகு கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டியது. பின்னலை அவிழ்த்துத் தலை சீவியது. ஏதோ பாட்டை முணுமுணுத்தது.

“அழுத்துடி!” என்று கத்தினாள் அத்தை. “அங்க ராசா காத்துகினு கீறான்.”

அக்கா அசையவில்லை. பூக்காரப் பெண்கள் சிரித்தார்கள். “இன்னாம்மா, பொம்மைய வச்சிகினு குடித்தனம் பண்றியா?” என்றாள் ஒருத்தி. அக்காவும் லேசாகச் சிரித்தாள். தாய்வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பாவா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நான் மவுஸுக்காகக் கையை நீட்டினேன். அக்கா கொடுக்கவில்லை. “கொஞ்சநேரம் இருக்கட்டும்டி,” என்றாள். பாவா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதன்பிறகுதான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

கார்த்திகையில் பொதட்டூர்பேட்டையிலிருந்து செய்தி வந்தது. ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். அம்மாவும் நைனாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அத்தைதான் முதலில் ஓலமிட்டாள். கரடியைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு, அக்கா பாவாவோடு படியிறங்கிப் போனதும், நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பொம்மையைக் காட்டுப் பாதையில் நடக்கவிட்டேன். அவ்வளவு நேரம் மவுஸைப் பிடித்திருந்தும் அக்காவுக்குக் கடைசிவரை ஆட்டம் பிடிபடவே இல்லை என்று பூக்காரப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தேன்.