அத்தைக்காக நான் எடுத்த பூ

எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்ய முடியாமல் போனால் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் வெளியே தெரியாமல் மடித்து, நார் சுற்றி, சாமி காலடியில் போடுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்று வந்து ஏதாவதொரு பொட்டலத்தை எடுக்கும். அதிலிருக்கும் பூதான் உத்தரவு. போர் போடுவது, மாடு வாங்குவது எல்லாமே இப்படித்தான். தப்பாகிப் போனாலும் அப்பாவை யாரும் குறை சொல்ல முடியாது. நல்ல வசதியான ஏற்பாடு.

நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது அப்பாவின் தங்கை, என் அத்தை, நர்ஸ் படிப்பை முடித்திருந்தாள். கல்வராயன் மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதே சமயம் மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளையும் வந்தார். வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்பது அவர்கள் வீட்டுக் கண்டிஷன். "சாமி சொல்லட்டும்" என்றார் அப்பா. வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் வேலை. எடுக்க வேண்டியவள் நான்.

பூ எடுப்பது எனக்குப் பெருமையான காரியம். சர்க்கரைப் பொங்கலில் முதல் உருண்டை எனக்குத்தான். அதைக் கெடுத்தவர் சித்தப்பா. அவர் சென்னையில் தத்துவம் படித்துவிட்டு வீட்டோடு இருந்தார். வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்பார். அம்மா ரசம் ஊற்றுவாள். கோயிலுக்குப் போக இருந்ததற்கு முந்தின சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"பொட்டலத்துல சாமியும் இல்ல பூதமும் இல்ல பாப்பா. உன் கை எடுக்கறதுதான் உங்க அத்தையோட வாழ்க்கை. மனுஷனா பொறந்துட்டா இதுலேர்ந்து தப்பிக்க முடியாது."

"நான் எடுக்கலன்னா?"

"அதுவும் நீயா எடுத்த முடிவுதான்."

சொல்லிவிட்டு அவர் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. யாருடையதோ போல என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணு பட்டிருக்கும் என்று அம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். பயம் போகவில்லை.

மறுநாள் கோயிலில் இரண்டு பொட்டலங்களும் ஒன்றுபோலவே கிடந்தன. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு திரும்பிக் கேட்டேன்.

"அத்தே, உனக்கு எது வேணும்?"

அவளை அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை. தினமும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிற சித்தப்பாகூடக் கேட்கவில்லை. அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா விளக்கைப் பார்த்தார். சித்தப்பா செல்போனைப் பார்த்தார்.

"எது வந்தாலும் சரிதான் பாப்பா. எடு." என்றாள் அத்தை.

"சாமி முன்னாடி இன்னா கேள்வி கேட்டுக்கினு நிக்கற? எடும்மா" என்றார் அப்பா.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பூசாரி நாரைப் பிரித்தார். சிவப்பு அரளி.

அத்தை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "அம்மன் உத்தரவு ஆயிப்போச்சு, அழுது இன்னா பண்றது, வுடு" என்று அப்பா தேற்றினார். அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தது அம்மன் இல்லை, நான்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதன்பிறகு அத்தையின் முகத்தைப் பார்க்கப் பயந்து ஒளிந்து திரிந்தேன். துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கும்போது அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பாவம், மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டோம். கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் பயந்தேன். என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள்.

அத்தை என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரிதான் வயிறாரச் சாப்பிட்டேன்.