மாப்பிள்ளைகளை அழைத்த மோட்டார்

என் மருமகள் ஒரே சாயங்காலத்தில் பத்தாயிரம் மாப்பிள்ளைகளை வரவழைத்தவள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்; எண்ணிப் பார்க்க அவர்களில் ஒருத்தராவது அசையாமல் நின்றால்தானே.

தெருமுனையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவளுடையது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவாள். அவள் கட்டியது பழுதென்று திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயருக்குத்தான் அன்று ஆபத்து வந்தது.

அச்சகக்காரர் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். மை உலர்த்தும் காற்றாடியின் மோட்டாரைச் சில நாள் முன்புதான் இவளிடம் கட்டி வாங்கிப் போயிருந்தார். தாளில் எழுத்தை விடக் கொசு அதிகம். ஈர மையில் ஒட்டிக் கிடந்தன.

“பழைய மோட்டார் லொடலொடன்னு ஓடுச்சு, ஆனா ஒரு கொசு வரல. நீ கட்டிக் குடுத்ததுலேர்ந்து பொழுது சாஞ்சா ஊர்க் கொசு மொத்தமும் என் அச்சகத்துலதான். என்னம்மா சுத்தி வெச்ச, கம்பியா, சர்க்கரையா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “இனிமே வேற கடையப் பாத்துக்கறேன்” என்றார்.

நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இவள் தாளை வாங்கி, மெல்லிய கம்பி பார்க்கும் லென்ஸை அதன்மேல் பிடித்தாள்.

“அத்தை, இதுங்க மீசையப் பாருங்க. எல்லாத்துக்கும் இறகு மாதிரி இருக்கு.”

பள்ளியில் படித்ததை நான் இன்னும் தொலைக்கவில்லை. “அத்தனையும் ஆம்பளைங்க. கடிக்கத் தெரியாது. அந்த மீசைதான் காது. பொண்ணோட இறக்கைச் சத்தம் கேட்டா பின்னாலயே போயிடும்.”

“அண்ணே, உங்களை ஏதாவது கடிச்சுதா?”

அவர் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “அதான் இல்ல.”

பொழுது சாயும் நேரத்துக்கு மூவரும் அச்சகத்துக்குப் போனோம். காற்றாடியை ஓடவிட்டாள். கணீரென்று ஒரே சுருதி. கொசுக்கள் வந்து மொய்த்தன. நிறுத்தினாள், கலைந்தன. மறுபடி ஓடவிட்டாள், மறுபடி ஆஜர்.

“ஆமாண்ணே, என் மோட்டார்தான் கூப்பிடுது” என்றாள், ஒளிக்காமல். “பழசு நொண்டிக்கிட்டு ஓடுச்சு. இது முழு வேகத்துல ஓடுது. அதனால காத்தாடி பொம்பளைக் கொசு மாதிரியே பாடுது.”

வேலை சுத்தமாக இருந்ததுதான் குற்றம். எனக்குத் தலை கால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

“அப்ப மறுபடி லொடலொடன்னு ஆக்கிக் குடு.”

“என் மோட்டார் அப்படி ஓடாது. காத்தாடிக்குச் சுருதிய மாத்தறேன்.”

காற்றாடிப் பக்கம் பெல்ட் ஓடும் சக்கரத்தைக் கழற்றி, சற்றுப் பெரியதாக மாட்டினாள். காற்றாடி நிதானமாகச் சுற்ற, ரீங்காரம் இறங்கியது. மாப்பிள்ளைகள் வீடு மாறி வந்துவிட்டவர்களைப் போல ஜன்னல் வழியே நழுவினார்கள். அடுத்த தாள் பளிச்சென்று உலர்ந்து வந்தது. அச்சகக்காரர் கண் கலங்கி, தெருவே பார்க்க அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதுவரை எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். சுற்றுகிற கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“கண்ணும் கலங்கல, மன்னிப்பும் கேக்கல அத்தை. மறுநாள் இன்னொரு எரிஞ்ச மோட்டாரக் கொண்டாந்து எறக்கிட்டுப் போனாரு. அத எழுதுங்க.”