புங்கமரத்தடியில் கோழிகள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. என் மனைவி நாட்டுக்கோழி வளர்க்கிறாள். பிராய்லர் போல அவை மளமளவென்று எடை போடாது. மாதக்கணக்கில் வளர்ப்பதால் ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி. பாதியைத் தகர ஷெட்டில் அடைத்தும் பாதியைத் திறந்துவிட்டும் வளர்த்தோம். வெயில் ஏறினால் ஷெட்டுக் கோழிகள் வாயைப் பிளந்து இரைக்கும், தீனியைத் தொடாது. வெளியே திரிபவை புங்கமரத்தடியில் குழி பறித்து, குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

பௌர்ணமியன்று மட்டும், கூட்டத்தில் மிதிபடாமலிருக்க, எல்லாவற்றையும் ஷெட்டில் அடைப்போம். இந்தச் சித்திரைப் பௌர்ணமியன்றும் அடைத்தோம். மத்தியானம் போய்ப் பார்த்தால் எல்லாம் இறக்கையை விரித்து நின்றன. அவளுடைய செவலைப் பெட்டை கழுத்தைத் தொங்கப்போட்டுச் சாய்ந்திருந்தது. சாக்கை நனைத்துத் தகரத்தின் மேல் போட்டேன். சீக்கிரமே காய்ந்துவிட்டது.

வெளியே விடலாமென்றால், மரநிழல் முழுக்க, கிரிவலம் வந்து களைத்தவர்கள். தெரியாதவர்களிடம் பேச எனக்கு வாய் வராது. வாசல்வரை போய்த் திரும்பினேன்.

"கொஞ்சம் நவுருங்கன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? கல்யாணத்தன்னிக்கே எங்கிட்ட பேசாத ஆளாச்சே!" என்றவள் செவலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் ஷெட்டைத் திறந்துவிட்டேன். கோழிகள் யாரையும் கேட்கவில்லை. கால்களுக்கு நடுவே புகுந்து தங்கள் குழிகளைத் தேடின. ஷெட்டிலேயே வளர்ந்தவை அவற்றைப் பார்த்து மண்ணைக் கிளறின. ஒரு கோழி, தன் குழிமேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் புடவையைக் கொத்தியது.

"யோவ், இது அதோட எடமாம். நவுருய்யா," என்று அவர் தன் கணவரை இடித்தார்.

"கோழி சொன்னா நவுர்ற. நான் சொல்லி என்னிக்கு நவுந்த?"

எல்லோரும் சிரித்துக்கொண்டே காலை மடக்கி இடம் விட்டார்கள். என் மனைவி செவலையை அந்தக் குழியில் கிடத்தினாள். அந்த அம்மா பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நீட்டினார்.

"இந்தா கண்ணு, குடி."

அது கண்ணைத் திறக்கவில்லை. என் மனைவி அதையே பார்த்திருந்தாள். பிறகு மெல்ல அலகை நனைத்தது. தலையைத் தூக்கி விழுங்கியது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா," என்றேன்.

என் மனைவி கோழியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் பௌர்ணமியன்று மரத்தடியில் வலை கட்டுகிறோம். நிழலில் பாதி கோழிகளுக்கு, பாதி நடப்பவர்களுக்கு.

எழுதியது: ஆனி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள்.