ஒருக்கா கதைச்சு விடுங்கோ, பிள்ளை

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. குறைக்கத்தான் பல தடவை நினைத்தேன், ஏனென்றால் இதில் வெட்கப்பட வேண்டியவள் நான். நான் மட்டும் கேட்டிருந்தால் பிரமை என்று விட்டிருப்பேன். பக்கத்தில் நின்ற றொசாலியாவும் கேட்டாள். அவள் சிசிலிக்காரி. தமிழில் 'வணக்கம்' கூடத் தெரியாது.

என் பெயர் கேசினி. சிசிலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் இருக்கிறோம். அம்மாவுக்கு லிபெர்த்தா வீதியில் ஓர் இத்தாலியச் சினியோரா வீட்டில் வேலை. நான் ஆறு வயதில் இங்கே வந்தவள். இத்தாலியன் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக இத்தாலியன் பேசும் பிள்ளை ஒன்று அகப்பட்டால், அந்தப் பிள்ளையின் நம்பர் எல்லார் கைக்கும் போய்விடும். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் விசாவுக்கு நிற்பவர், டொக்டரிடம் போனவர், வீட்டுக்காரனோடு கொழுவியவர், எல்லாரும் எனக்குத்தான் போன் அடிப்பார்கள். யாரென்றே தெரியாது. முதல் வசனம் மட்டும் எப்போதும் ஒன்றுதான். "பிள்ளை, ஒருக்கா இவையோட கதைச்சு விடுங்கோ." பிறகு போன் ஓர் இத்தாலியன் கைக்குப் போகும்.

பன்னிரண்டு வயதில் அது பெருமையாக இருந்தது. பதின்மூன்றில் அலுத்துவிட்டது. தெரியாத நம்பர் என்றால் வெட்டுவேன். திரும்ப அடித்தால் பிளொக் பண்ணிவிடுவேன். யாராவது அம்மாவிடம் முறையிட்டால், "வகுப்பில இருந்தனான்" என்பேன். அம்மாவும் நம்பிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் தெரியும் என்றே நான் காட்டிக்கொண்டதில்லை. சின்ன வயதிலேயே மறந்துவிட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். வெட்கம்தான். வேறு காரணம் இல்லை.

போன வருடம் பெப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குப் பதினேழு வயது. வகுப்பில் இருபத்திரண்டு பேரையும் பனியில் சறுக்கி ஸ்கீ விடக் கூட்டிப்போனார்கள். மதோனியே மலைகளுக்குள் ஒரு பள்ளத்தாக்கு. காலை 6.30க்கு பொலித்தேயாமா சதுக்கத்தில் பஸ் ஏறினோம். உடற்பயிற்சி ஆசிரியர் குசுமானோ எழுந்து நின்று சொன்னார்.

"முந்தநாள் புயலில் அங்கே அந்தெனா விழுந்துவிட்டது. ஒருவருடைய போனும் வேலை செய்யாது. தனியாக எங்கும் போகாதீர்கள்."

இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

12.20க்கு மலை விடுதியில் சாப்பாடு. ஸ்கீ கொடுக்கும் அறைக்குக் குசினியின் பின்பக்கத்தால் போக வேண்டும். நானும் றொசாலியாவும் போனோம். பின்கதவைத் தாண்டும்போது ஒரு வாசம் வந்தது. வறுத்த மிளகாய்த்தூள். கருவேப்பிலை. எங்கள் வீட்டில் மீன்குழம்பு தாளிக்கிற அதே வாசம்.

றொசாலியா மூக்கைச் சுருக்கிச் சிரித்து, இத்தாலியனில் சொன்னாள். "உன்ர வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

"எனக்கென்ன தெரியும்," என்றேன். காது இரண்டும் சுட்டது.

குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். வயதான இத்தாலியச் சமையல்காரர் ஒருவர் மட்டும் நின்றார். அடுப்பில் மக்கரோனியும் தக்காளிச் சாறும் கொதித்தன. வேறு ஒன்றும் இல்லை. கதவோரம் ஆணியில் ஒரு நீல நிற ரப்பர் செருப்பு தொங்கியது. ஒற்றைச் செருப்பு. பனிமலையில் யார் ரப்பர் செருப்புப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். அதோடு மறந்துவிட்டேன்.

3.10க்குக் கடைசிச் சுற்று. நானும் றொசாலியாவும் விழுந்து விழுந்து எழும்பியதில் மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். 3.30 இருக்கும், பனிப்புகார் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. விடுதி விளக்கு மட்டும் கீழே மங்கலாகத் தெரிந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. இறங்கினால் பத்து நிமிடம்.

அப்போது என் போன் அடித்தது.

மணி 3.40.

"சிக்னல் வந்திட்டுதோ?" றொசாலியா தன் போனை எடுத்துப் பார்த்தாள். அவளுடையதில் ஒரு கோடும் இல்லை. என்னுடையதிலும் இல்லை. ஆனால் அடித்துக்கொண்டிருந்தது. தெரியாத நம்பர். கடைசி மூன்று இலக்கம் 708.

பழக்க தோஷம். வெட்டினேன்.

3.41. திரும்ப அடித்தது. அதே நம்பர். வெட்டினேன். பிளொக் பண்ணுவோம் என்று அமத்தப் போனேன்.

முடியவில்லை.

அந்த நம்பர் ஏற்கெனவே பிளொக்கில் இருந்தது.

பிளொக்கில் இருக்கிற நம்பர் எப்படி அடிக்கும்? சிக்னலே இல்லாத இடத்தில் எது அடிக்கும்? போனை அணைத்தேன். ஜக்கெட் பைக்குள் திணித்தேன்.

கொஞ்சம் இறங்கினோம். வலது பக்கத்தில் ஓர் ஓடை. பனி மூடிக் கிடந்தது. அதன் விளிம்பில் ஏதோ நீலமாகத் தெரிந்தது...

ரப்பர் செருப்பு.

ஒற்றைச் செருப்பு. அதன் மேல் ஒரு பொட்டுப் பனிகூட இல்லை. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி.

சுற்றிவரக் கால்தடம் இல்லை.

மணி 3.47. எனக்கு எப்படித் தெரியுமென்றால், றொசாலியா அந்த நேரம் கைமணிக்கூட்டைப் பார்த்து, "வா, போவம்," என்றாள்.

"பிள்ளை..."

ஆண் குரல். மிகக் கிட்ட. நின்று பேசுகிறவரின் உயரத்தில் இல்லை. நிலத்தோடு வந்தது.

"பிள்ளை, ஒருக்கா இவையோட கதைச்சு விடுங்கோ... நான் இஞ்சை கிடக்கிறன் எண்டு சொல்லிவிடுங்கோ..."

றொசாலியா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஆரது? என்ன சொல்றார்?"

"தெரியாது."

"உங்கட பாஷை மாதிரி இருக்கு."

"இல்லை. எங்கட பாஷை இல்லை."

அப்படித்தான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. யாரோ எங்கள் ஆள், காலோ கையோ முறிந்து கிடக்கிறார் என்றும் விளங்கியது. பேய் என்று நான் அப்போது நினைக்கவே இல்லை. உயிருள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன்.



பிறகு ஒரு மூச்சு.

"சரி பிள்ளை... நீங்கள் போங்கோ."

போனோம்.

4.30க்கு பஸ் வெளிக்கிட்டது. குசுமானோ எண்ணினார். இருபத்திரண்டு. எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். நான் கள்ளனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தேன். இருட்டினால் அந்த மனிதர் செத்துப்போவார். வாய் திறந்தால் என் பொய் தெரிந்துபோகும். இந்த இரண்டையும் நான் இருபத்திரண்டு நிமிடம் நிறுத்துப் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

4.52க்கு எழுந்து போய்ச் சொன்னேன். குசுமானோ பஸ்ஸை நிறுத்தினார். கீழே சிக்னல் இருந்தது. விடுதிக்கு அடித்தார். அந்தச் சமையல்காரர் எடுத்தார்.

"அவர் சரியாக என்ன சொன்னார்?" குசுமானோ என்னைக் கேட்டார்.

பாட்டு நின்றுவிட்டது. பஸ் முழுக்க என்னையே பார்த்தது. ஒவ்வொரு சொல்லாக இத்தாலியனில் சொன்னேன்.

"தெரியாது எண்டு சொன்னாய்," என்றாள் றொசாலியா. மெதுவாகத்தான் சொன்னாள்.

6.10க்கு விடுதியிலிருந்து குசுமானோவுக்கு அழைப்பு வந்தது. ஆட்கள் விளக்கோடு மலைச்சரிவு முழுக்கத் தேடியிருந்தார்கள். ஒருவரும் இல்லை. செருப்பும் இல்லை. ஓடை விளிம்பில் இரண்டு பேரின் ஸ்கீத் தடம் மட்டும் இருந்தது. எங்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிறிகோரி மாமா வீட்டுக்கு வந்தார். புதிதாக வருகிற எங்கள் ஆட்களுக்கு வேலை எடுத்துக் கொடுக்கிறவர். அம்மா தேத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டே, "இவள் மலையில பேயோட கதைச்சிட்டு வந்திருக்கிறாள்," என்று பகிடியாக எல்லாவற்றையும் சொன்னார். போன் அடித்ததை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த மலை?"

சொன்னேன்.

"அங்கை குசினியில கோப்பை கழுவ ஒராளை நான் சேர்த்துவிட்டனான். அழகரத்தினம். முல்லைத்தீவு ஆள். வந்து மூண்டு மாசம், ஒரு சொல்லு இத்தாலியன் தெரியாது. ஒருநாள் பின்னேரம் குப்பை கொட்டப் போனவர், புகாருக்கை வழி தவறி ஓடைக்குள்ள விழுந்திட்டார். கால் முறிஞ்சு போச்சு. விடிஞ்சுதான் பிரேதத்தை எடுத்தவை. காலில ஒரு நீல ரப்பர் செருப்புத்தான் இருந்தது."

"எப்ப இது?" அம்மா கேட்டார்.

"நாலு வருசம். கையில போன் இருந்தது. மூண்டுதரம் அடிச்சிருக்கிறார்."

"ஆருக்கு?"

மாமா தரையைப் பார்த்தார்.

"அவசரம் எண்டா இந்தப் பிள்ளைக்கு அடியுங்கோ, அது கதைச்சு விடும் எண்டு நான்தான் நம்பர் குடுத்தனான். மூண்டு நாப்பது, மூண்டு நாப்பத்தொண்டு, மூண்டு நாப்பத்தேழு. சின்னப்பிள்ளைக்கு ஏன் சொல்லுவான் எண்டு விட்டிட்டன்... நீ வகுப்பில இருந்திருப்பாய், என்ன?"

எங்கள் பள்ளிக்கூடம் இரண்டு மணிக்கு விட்டுவிடும். அம்மாவுக்கு அது தெரியும். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் மாமா," என்றேன். "வகுப்பில இருந்தனான்."

அன்று பிளொக் பட்டியலைத் திறந்து பார்த்தேன். கீழே, பழையவற்றுக்குள், 708. நான் போட்ட திகதி அதிலேயே இருந்தது. நாலு வருடத்துக்கு முந்திய பெப்ரவரி. நேரம் 3.42.

மாமா இதை வாசிப்பார். அதற்காகத்தான் எழுதினேன்.

அந்த நம்பரைப் பிளொக்கிலிருந்து எடுத்துவிட்டேன். தினமும் 3.40க்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

இன்னும் அடிக்கவில்லை.